பட்டர்மில்க் பிஸ்கட்: மாவு எடுப்பதிலிருந்து ஓவன் வரை

அமெரிக்காவின் தென் மாநிலங்களில், டென்னசி, ஜார்ஜியா, அலபாமா பக்கம், காலை உணவுக்குச் சூடாகத் தட்டில் வருமே, அந்த பிஸ்கட்டைப் பற்றியது இது. டீயில் தோய்க்கிற சமாச்சாரம் அல்ல. இரண்டு விரல் உயரத்துக்கு எழும்பி, மேலே பொன்னிறமாக, பிட்டால் ஏடு ஏடாகப் பிரிந்து, உள்ளே மெத்தென்று இருக்கும். ஈஸ்ட் கிடையாது, முட்டை கிடையாது, மாவைப் புளிக்க வைக்கிற வேலையும் கிடையாது. எல்லாம் எடுத்து வைத்துவிட்டால் அரை மணி நேரத்துக்குள் தட்டுக்கு வந்துவிடும்.

பொருள் குறைவு என்பதால்தான் தப்பும் சுலபமாக நடக்கிறது. முதல் தடவை செய்கிற நம்மவர்கள் கையைக் கவனித்திருக்கிறேன், அது தானாகவே சப்பாத்தி மாவுக்குப் போய்விடுகிறது. ஒட்டுகிறதே என்று இன்னும் ஒரு பிடி மாவு, திருப்தி இல்லாமல் இன்னும் நாலு பிசை, கடைசியில் வழவழப்பாக ஒரு உருண்டை வந்ததும் முகத்தில் ஒரு நிம்மதி. அந்த வழவழப்பு வந்துவிட்டாலே பிஸ்கட் கெட்டுவிட்டது என்று அர்த்தம். கீழே உள்ளதில் பாதி, அந்தப் பழக்கத்தைக் கொஞ்ச நேரம் ஒதுக்கி வைக்கச் சொல்வதுதான்.

1. எடுத்து வைக்க வேண்டியவை

6 சென்டிமீட்டர் வட்டமாக வெட்டினால் 7 அல்லது 8 பிஸ்கட் வரும் அளவு: மைதா 240 கிராம், பேக்கிங் பவுடர் 3 டீஸ்பூன் (தலை தட்டி), சமையல் சோடா கால் டீஸ்பூன், உப்பு முக்கால் டீஸ்பூன், உப்பில்லாத வெண்ணெய் 100 கிராம், பட்டர்மில்க் 180 மில்லி. தனியாக இன்னும் 2 மேசைக்கரண்டி பட்டர்மில்க், மேலே தடவ 20 கிராம் உருக்கிய வெண்ணெய், மேடையில் தூவ ஒரு கைப்பிடி மாவு. சர்க்கரை வேண்டுமென்றால் ஒரு டீஸ்பூன் போடலாம். தெற்கத்திக்காரர்களில் பலர் இதற்கே சண்டைக்கு வருவார்கள், நானும் போடுவதில்லை.

மாவை எடை போட்டே எடுங்கள். கப்பைப் பையில் விட்டு அழுத்தி அள்ளினால் 120 கிராமுக்குப் பதில் 145 கிராம்கூட வந்துவிடும். இரண்டு கப்புக்கு 50 கிராம் கூடுதல் மாவு என்றால், பிறகு எவ்வளவு பதமாகச் செய்தாலும் பிஸ்கட் வறண்டுதான் போகும். எடை மெஷின் இல்லையென்றால், மாவைக் கரண்டியால் கிளறிவிட்டு, ஸ்பூனால் கப்பில் லேசாகப் போட்டு, கத்தியால் மேலே வழித்துவிடுங்கள்.

பாத்திரங்களில் முக்கியமானவை மூன்று: அகலமான கிண்ணம், வார்ப்பிரும்பு வாணலி அல்லது கனமான ட்ரே, கூர்மையான விளிம்புள்ள வட்டக் கட்டர். கட்டர் இல்லையென்று எவர்சில்வர் டம்ளரை எடுக்காதீர்கள், அதன் விளிம்பு உருண்டையாக மடிந்திருக்கும், மாவை வெட்டாமல் நசுக்கும். அதற்குக் கத்தியால் சதுரமாக வெட்டுவது எவ்வளவோ மேல்.

2. மாவு

தென் மாநில பிஸ்கட் மெத்தென்று இருப்பதற்குப் பெரிய காரணம் மாவுதான். அங்கே பயன்படுவது குளிர்கால மென் கோதுமை மாவு. டென்னசியின் நாக்ஸ்வில்லில் 1883இல் தொடங்கிய ஒயிட் லில்லி மாவு இதில் பேர் பெற்றது, புரதம் 8 முதல் 9 சதவீதம்தான் இருக்கும். புரதம் குறைந்தால் குளூட்டன் (நனைந்த மாவுக்கு இழுவை தருகிற புரதப் பின்னல்) குறையும், குளூட்டன் குறைந்தால் இழுவை குறையும். ரொட்டிக்கு வேண்டியது இழுவை, பிஸ்கட்டுக்கு அதுவே எதிரி.

அமெரிக்காவில் இருந்துகொண்டு இந்த மாவு கிடைக்காதவர்கள், சாதாரண ஆல்-பர்ப்பஸ் மாவு பாதி, கேக் மாவு பாதி கலந்துகொள்ளலாம். இந்தியாவில் மைதா பாக்கெட்டின் பின்பக்கம் 100 கிராமுக்கு எவ்வளவு புரதம் என்று போட்டிருப்பார்கள். 9 பக்கம் இருந்தால் அப்படியே எடுங்கள். 10, 11 என்று இருந்தால் 210 கிராம் மைதாவோடு 30 கிராம் கார்ன்ஃப்ளார் சேர்த்து இரண்டு தடவை சலியுங்கள். சப்பாத்திக்கு எடுக்கிற கோதுமை மாவில் செய்யலாமா என்று கட்டாயம் யாராவது கேட்பார்கள். செய்யலாம், ஆனால் அது வேறு பண்டம்.

கடையில் செல்ஃப்-ரைசிங் மாவு கிடைத்தால் அதில் பேக்கிங் பவுடரும் உப்பும் ஏற்கெனவே இருக்கும். மேலே சொன்ன பவுடர், சோடா, உப்பு மூன்றையும் விட்டுவிடுங்கள். இரண்டையும் போட்டுவிட்டு, கசக்கிறதே என்று வருகிறவர்கள் உண்டு.

பேக்கிங் பவுடர் பழையதாக இருந்தால் அரை கப் வெந்நீரில் ஒரு டீஸ்பூன் போட்டுப் பாருங்கள். உடனே நுரைத்துப் பொங்க வேண்டும். சோம்பலாக நாலு குமிழ் வந்தால் புதுசு வாங்குங்கள்.

3. பட்டர்மில்க்கும் நம் மோரும்

அமெரிக்கக் கடைகளில் விற்கும் பட்டர்மில்க், பாலில் லாக்டிக் பாக்டீரியாவைச் சேர்த்து உறைய வைத்தது. கெட்டியாக, ஊற்றினால் தயங்கித் தயங்கி விழும். வெயிலுக்கு நாம் குடிக்கிற மோரில் பெரும்பகுதி தண்ணீர். அதை 180 மில்லி ஊற்றினால் மாவு கூழாகிவிடும், சோடாவோடு சேர வேண்டிய புளிப்பும் போதாது.

ஊரில் இருப்பவர்களுக்கு நல்ல மாற்று, ஒருநாள் புளித்த கெட்டித் தயிர் 130 மில்லியில் 50 மில்லி பால் விட்டு, கட்டியில்லாமல் அடித்துக்கொள்வது. கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் கனமாக வழிய வேண்டும். பாலில் எலுமிச்சைச் சாறு விடும் வழியும் உண்டு, அவசரத்துக்கு ஆகும், ஆனால் நீர்த்திருக்கும், ருசியும் அவ்வளவாக வராது.

அந்தப் புளிப்புக்கு வேலை இருக்கிறது. அது கால் டீஸ்பூன் சோடாவோடு சேர்ந்து வாயுவை உண்டாக்குகிறது, பிஸ்கட் எழும்ப அதுவும் ஒரு காரணம். சோடாவைக் கூட்டினால் இன்னும் எழும்பும் என்று நினைக்க வேண்டாம். அதைச் சரிக்கட்ட அமிலம் இல்லாமல் போய் சோப்பு வாடை அடிக்கும், மேலே பழுப்புப் புள்ளிகள் விழும்.

4. வெண்ணெய்: குளிர்ச்சிதான் எல்லாம்

வெண்ணெய் மாவில் கரையக்கூடாது, துண்டு துண்டாகவே இருக்க வேண்டும். ஓவனின் சூட்டில் அந்தத் துண்டுகள் உருகும்போது அவற்றில் உள்ள தண்ணீர் (கடை வெண்ணெயில் ஏறக்குறைய 16 சதவீதம்) ஆவியாகி, மேலும் கீழும் உள்ள மாவை நெட்டித் தள்ளுகிறது. ஏடு பிரிவது அப்படித்தான். முன்னாலேயே உருகிவிட்டால் மாவு அதைக் குடித்துவிடும், பிறகு பிரிய ஒன்றும் இருக்காது.

வெண்ணெயை ஃப்ரீசரில் அரை மணி நேரம் வைத்து, கேரட் துருவுகிற துருவியின் பெரிய கண்ணில் துருவி, அந்தத் துருவலை மறுபடி ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். புதியவர்களுக்கு இதைவிட நம்பகமான வழி இல்லை, ஏனென்றால் விரல் சூடு வெண்ணெயில் படுகிற நேரம் மிகவும் குறைவு.

உப்பு சேர்த்த வெண்ணெய்தான் இருக்கிறது என்றால் மாவில் உப்பைக் கால் டீஸ்பூனாகக் குறையுங்கள். வீட்டில் கடைந்த வெண்ணெயில் எவ்வளவு நீர் நிற்கிறது என்று கணக்கு கிடையாது, இதற்கு வேண்டாம். நெய்யும் வேண்டாம், அறைச் சூட்டிலேயே இளகி மாவோடு கலந்துவிடும், பிஸ்கட் பொடிப்பொடியாக உதிரும். பழைய தெற்கத்திச் சமையலறைகளில் பன்றிக் கொழுப்புதான் பழக்கம், 1911இல் கிரிஸ்கோ என்ற பிராண்ட் வந்தபின் வனஸ்பதியும் சேர்ந்தது. இவை இரண்டிலும் பிஸ்கட் மென்மையாக வரும், ஆனால் வாசனைக்கு வெண்ணெய்தான் என்பது என் கட்சி.

சென்னை மாதிரி ஊரில் மே மாதம் செய்வதாக இருந்தால் மாவையும் கிண்ணத்தையும்கூட அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். 34 டிகிரி சமையலறையில், வெண்ணெய் மட்டும் குளிர்ந்திருந்து பயனில்லை.

5. மாவைத் தொடுவதற்கு முன் ஓவன்

ஓவனை 230 டிகிரி செல்சியஸில் (ஃபாரன்ஹீட்டில் 450) வைத்து, 20 நிமிடமாவது காய விடுங்கள். விளக்கு அணைந்ததும் தயார் என்று நம்ப வேண்டாம், காற்று சூடாகியிருக்கும், சுவர்கள் சூடாகியிருக்காது.

இந்த வேலை முதலில் வருவதற்குக் காரணம் உண்டு. பட்டர்மில்க் மாவில் பட்ட நொடியிலிருந்து வாயு வரத் தொடங்கிவிடுகிறது. வெட்டி வைத்துவிட்டு ஓவனுக்காகக் கால் மணி நேரம் காத்திருந்தால், வாயுவும் போகும், வெண்ணெயும் இளகும்.

6. வெண்ணெயை மாவில் கலப்பது

மாவு, பவுடர், சோடா, உப்பு எல்லாவற்றையும் கிண்ணத்தில் போட்டு விஸ்க்கால் நன்றாகக் கலந்துகொள்ளுங்கள். நன்றாகக் கலக்க அனுமதி உள்ள கடைசி இடம் இதுதான். துருவிய வெண்ணெயைத் தூவி, விரல் நுனிகளால் மாவோடு புரட்டுங்கள். பெரிதாகத் தெரிகிற துண்டுகளைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு தடவை தட்டையாக அமுக்கி விடுங்கள், போதும்.

உள்ளங்கை இதில் வரவே கூடாது, அங்கேதான் சூடு. மாவு மஞ்சளாக மாற ஆரம்பித்தாலோ கையில் பிடித்தால் எண்ணெய்ப் பிசுக்குத் தெரிந்தாலோ நிறுத்திவிட்டு, கிண்ணத்தோடு பத்து நிமிடம் ஃப்ரீசரில் வையுங்கள். அவசரப்பட்டு மேலே போனால் அதைத் திருத்தவே முடியாது.

7. பட்டர்மில்க் ஊற்றுவது

இந்த இடத்தில்தான் பத்தில் ஒன்பது பேர் தடுக்கி விழுகிறார்கள், அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

மாவின் நடுவே குழி பறித்து, ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த 180 மில்லி பட்டர்மில்க்கை ஒரே தடவையில் ஊற்றுங்கள். கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினால் முதலில் நனைந்த பகுதியையே திரும்பத் திரும்பக் கிளறுவீர்கள். ஒரு முள்கரண்டியோ மரக்கரண்டியோ எடுத்து, ஓரத்திலிருந்து நடுவுக்கு மாவைத் தூக்கித் தூக்கிப் போடுங்கள், கிண்ணத்தைச் சுற்றிக்கொண்டே. பன்னிரண்டு, பதினைந்து சுற்றில் முடிந்துவிட வேண்டும்.

அப்போது பார்க்க நன்றாகவே இருக்காது. ஒரு பக்கம் கொழகொழவென்று, இன்னொரு பக்கம் உலர்ந்த பொடி, நடுவே வெள்ளையும் மஞ்சளுமாக வெண்ணெய்த் துருவல், கரண்டியை எடுத்தால் கூடவே ஒரு கற்றை மாவு தொங்கும். சரியாக வந்திருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். அடியில் உலர்ந்த பொடி நிறையத் தங்கியிருந்தால் மட்டும் தனியாக வைத்த பட்டர்மில்க்கிலிருந்து ஒரு கரண்டி, அந்தப் பொடி மேலேயே தெளியுங்கள்.

ஈரம் ஏன் இவ்வளவு தேவை என்றால், 230 டிகிரியில் பிஸ்கட்டைத் தூக்குகிற ஆவி வருவது இந்த ஈரத்திலிருந்தும்தான். ஒட்டவில்லை என்று நீங்கள் சந்தோஷப்படுகிற மாவில் ஆவியாக மிச்சம் ஒன்றும் இருக்காது. ஒட்டுகிறது என்றால் மாவை உள்ளே சேர்க்காமல், வெளியே மட்டும் தூவிக்கொள்ளுங்கள்.

8. தட்டி மடிப்பது

மேடையில் மாவு தூவி, கலவையை அப்படியே கவிழ்த்துக் கொட்டுங்கள். மேலேயும் கொஞ்சம் தூவி, மாவு பூசிய கையால் 2 சென்டிமீட்டர் கனத்துக்கு நீள்சதுரமாகத் தட்டுங்கள். பூரிக்கட்டை வேண்டாம், அது அடுக்குகளை நசுக்கும்.

இனி கடிதத்தை மடிக்கிற மாதிரி மூன்றாக மடித்து, கால் சுற்று திருப்பி, மறுபடி தட்டுங்கள். முதல் மடிப்பில் மாவு விண்டு விண்டு போகும், பாதி மேடையிலேயே நிற்கும். சுரண்டும் தகடோ தோசைத் திருப்பியோ வைத்து அடியிலிருந்து தூக்கி, உடைந்ததை மேலே வைத்து அமுக்குங்கள். இரண்டாவது மடிப்பில் கொஞ்சம் சேரும், மூன்றாவதில் ஒரு துணி மாதிரி ஒழுங்காக வந்துவிடும். மூன்று தடவை மூன்றாக மடித்தால் கணக்குப்படி 27 அடுக்கு, அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம். ஐந்தாவது, ஆறாவது மடிப்புக்குள் குளூட்டன் முறுக்கேறி, தட்டினால் மாவு ரப்பராகப் பின்னுக்கு இழுக்கும்.

ஒவ்வொரு மடிப்புக்கு முன்னும் மேலே நிற்கிற உலர்ந்த மாவைத் துடைத்துவிடுங்கள். அது உள்ளே போனால் ஏடுகளுக்கு நடுவே வெள்ளைக் கோடாக நிற்கும், கடித்தால் பச்சை மாவு ருசி.

மடிக்காமலே செய்கிற முறையும் உண்டு. அகலமான மரக் கிண்ணத்தில் மாவைக் குவித்து, நடுவே குழியில் கொழுப்பும் பட்டர்மில்க்கும் விட்டுக் கலந்து, கையால் கிள்ளி உருட்டி வைக்கிற பாட்டிகள் முறை. கைப்பழக்கம் கேட்கும், ஏடு வராது, ஆனால் மென்மையாக இருக்கும். முதல் தடவைக்கு மடிப்பு முறைதான் பாதுகாப்பு.

9. வெட்டுவது

கடைசித் தட்டலில் கனம் 2.5 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். அளவுகோலை நிறுத்திப் பாருங்கள், கண் ஏமாற்றும். ஒல்லியாகத் தட்டிவிட்டு உயரம் வரவில்லை என்று பவுடர் மேல் பழி போடுகிறவர்கள் நிறைய.

கட்டரை மாவில் தோய்த்து, நேராகக் கீழே அழுத்தி, நேராக மேலே எடுங்கள். திருகக் கூடாது. திருகினால் வெட்டிய பக்கத்தில் அடுக்குகளின் ஓரங்கள் ஒன்றோடொன்று இழுபட்டு ஒட்டிக்கொள்ளும், ஒட்டிய பக்கம் எழும்பாது, பிஸ்கட் ஒரு பக்கமாகச் சாயும். சரியாக வெட்டிய பிஸ்கட்டின் பக்கவாட்டைப் பார்த்தால் ஏடுகள் தனித்தனியாக, சொரசொரப்பாகத் தெரியும்.

வட்டங்களை நெருக்கமாக வெட்டுங்கள். மிஞ்சிய துண்டுகளை உருட்டாமல் பக்கத்தில் பக்கமாக வைத்து அமுக்கி இன்னொரு தடவை வெட்டலாம், கொஞ்சம் கோணலாகவும் கெட்டியாகவும் வரும், சமைத்தவர் சாப்பிட வேண்டியது அது. சதுரமாக வெட்டினால் இந்தத் தொல்லையே இல்லை, நாலு ஓரத்தையும் மெல்லிசாகச் சீவி எறிந்துவிட்டால் போதும்.

10. அடுக்கிச் சுடுவது

பிஸ்கட்டுகளை ஒன்றையொன்று தொடும்படி வாணலியில் அடுக்குங்கள். பக்கம் விரிய இடமில்லாதபோது அவை மேலே போகும், பக்கவாட்டும் மென்மையாக இருக்கும். சுற்றிலும் மொறுமொறுப்பு பிடிக்கும் என்றால் இடைவெளி விடலாம், உயரம் சற்றுக் குறையும்.

தொட்டுப் பார்த்தால் மாவு குளுகுளுவென்று இல்லையா? ட்ரேயோடு 15 நிமிடம் ஃப்ரிட்ஜில் வைத்து எடுங்கள். இந்தச் சிறு தாமதத்தில் போகிற வாயுவைவிட உருகுகிற வெண்ணெயால் வரும் நஷ்டம் பெரிது.

மேலே மட்டும் உருக்கிய வெண்ணெயில் பாதியைத் தடவுங்கள், பக்கங்களில் வழிய விடாமல். நடுத்தட்டில் 14 முதல் 18 நிமிடம். முதல் 10 நிமிடம் கதவைத் திறக்காதீர்கள், எழும்புகிற நேரம் அது. சின்ன ஓடிஜியில் (மேடையில் வைக்கிற மின்சார ஓவன்) மேல்கம்பி மிக அருகில் இருப்பதால் மேல்பக்கம் முன்னதாகவே சிவந்துவிடும். அப்படி ஆனால் 10 நிமிடத்துக்குப் பிறகு ஒரு ஃபாயில் தாளை மேலே மூடி, மீதி நேரத்தை முடியுங்கள். வெளிறிய மஞ்சளில் எடுத்துவிடாமல், மேலே நல்ல பொன்னிறமும் ஓரங்களில் லேசான பழுப்பும் வரும்வரை பொறுங்கள். எடுத்தவுடன் மீதி வெண்ணெயையும் தடவிவிடுங்கள்.

11. சரியாக வரவில்லை என்றால்

தட்டையாகப் படர்ந்திருந்தால் வெண்ணெய் இளகியிருந்தது, அல்லது ஓவன் போதிய சூட்டில் இல்லை. ட்ரேயில் வெண்ணெய் குளமாக நின்றால் சந்தேகமே வேண்டாம், இந்த இரண்டில் ஒன்றுதான்.

உயரம் வந்தும் கடிக்கக் கெட்டியாக இருந்தால் பிசைந்திருக்கிறீர்கள். உயரமும் இல்லை, வறட்சியும் கூட என்றால் மாவு அதிகம். ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் கட்டரைத் திருகியிருக்கிறீர்கள், இல்லையென்றால் மாவை ஒரு பக்கம் ஒல்லியாகத் தட்டியிருக்கிறீர்கள்.

மேலே சிவந்து உள்ளே பிசுபிசுவென்று இருந்தால் நேரம் போதவில்லை. வெந்த பிஸ்கட்டின் நடுவே தெர்மாமீட்டர் குத்தினால் 95 டிகிரியை ஒட்டிக் காட்டும். தெர்மாமீட்டர் இல்லாதவர்கள் நடுவில் இருக்கும் பிஸ்கட்டைப் பிட்டுப் பாருங்கள், ஓரத்தில் உள்ளதைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அது எப்போதும் முன்னால் வெந்துவிடும்.

12. பரிமாறுவதும் எடுத்து வைப்பதும்

கத்தியால் அறுக்காமல் கையாலேயே பிளந்து, வெண்ணெயும் சோர்கம் பாகும் (ஒரு வகைச் சோளத்தண்டின் சாற்றைக் காய்ச்சியது), அல்லது தேனும் அத்திப்பழ ஜாமும் வைத்துச் சாப்பிடலாம். அங்கே காலையில் பிரபலம் சாசேஜ் கிரேவி: சாசேஜை உதிர்த்து வறுத்து, அதிலிருந்து வந்த கொழுப்பிலேயே மாவைப் புரட்டி, பால் விட்டுக் கொதிக்க வைத்து, மிளகுத்தூளைத் தாராளமாகப் போட்டது.

ஆறிய பிஸ்கட்டை மைக்ரோவேவில் வைத்தால் தோல் மாதிரி இழுக்கும். 170 டிகிரி ஓவனில் ஃபாயில் சுற்றி 8 நிமிடம் வையுங்கள். நிறையச் செய்து வைக்க நினைத்தால், சுட்டதைவிடச் சுடாததை உறைய வைப்பதே நல்லது. வெட்டிய வட்டங்களை ட்ரேயில் இடைவெளி விட்டு ஃப்ரீசரில் இறுகவிட்டு, அப்புறம் பைக்கு மாற்றினால் ஒரு மாதம் தாங்கும். வேண்டும்போது, வெளியே வைத்து இளக விடாமல், அப்படியே 220 டிகிரியில் 20 நிமிடம் போல வையுங்கள். மேலே வெண்ணெய் தடவுவதை மட்டும் ஓவனுக்குப் போவதற்கு முன்பு செய்தால் போதும், உறைய வைக்கும்போது வேண்டாம்.